சாந்தாமணிக்கு முட்டி வலி இல்லை

அந்த டாக்டர் மேல் எனக்கு ஆறு வருடமாக ஒரு கோபம் இருக்கிறது. நல்ல மனுஷன்தான். என் மனைவியைக் காப்பாற்றிக் கொடுத்தவர், அதற்குக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் கடைசி நாளில் அவர் சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் என்னால் விட முடியவில்லை. மார்பில் ஆபரேஷன், எட்டுத் தடவை கீமோ, இருபத்தைந்து நாள் ரேடியேஷன் என்கிற கரண்டு வைத்தது என்று எல்லாம் முடிந்த பிறகு, ஃபைலை மூடி என் கையில் கொடுத்து, தோளில் ஒரு தட்டுத் தட்டி, "இனி எல்லாம் பழையபடி ஆயிரும், சந்தோசமாப் போங்க" என்றார்.

நான் ஏழாவது வரை படித்தவன். டாக்டர் சொன்னால் சொன்னதுதான். பஸ் பெரியநாயக்கன்பாளையம் வந்து சேர்வதற்குள் பதினைந்து பேருக்குப் போன் போட்டு, "செரியாப் போச்சுங்க, பழையபடி ஆயிருச்சுங்க" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதினைந்து பேரும் இன்று வரைக்கும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

வாந்தி வரும் என்றார்கள், வந்தது. முடி கொட்டும் என்றார்கள், கொட்டியது. கை வீங்கும், அந்தக் கையில் ஊசி போடாதே, கனம் தூக்காதே என்று அச்சடித்த தாளே கொடுத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு வருடக்கணக்கில் ஒரு அசதி வந்து ஆளைப் போட்டு அழுத்தும் என்று அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. இருந்திருந்தால் நான் அவளை அத்தனை பேச்சுப் பேசியிருக்க மாட்டேன்.

எனக்கு மேட்டுப்பாளையம் ரோட்டில் மோட்டார் ரீவைண்டிங் கடை. போர்வெல்லுக்குள் இறக்குகிற மோட்டாருக்குக் கம்பி கட்டுவதுதான் வேலை. அது ஒற்றை ஆள் செய்கிற வேலை இல்லை. மோட்டாரின் உடம்பு ஒரு நீளமான இரும்புக் குழாய், உள்ளே சுற்றிலும் துளைகள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து, ஒருவர் கம்பியை விட, மற்றவர் இழுக்க வேண்டும். விடுகிற வேகத்துக்கு இழுக்காவிட்டால் கம்பியின் மேல்தோல் உரிந்துவிடும். உரிந்தது வெளியே தெரியாது. அறுநூறு அடி ஆழத்தில் போய்ப் புகையும்.

கல்யாணமான மறு மாதம் எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்தவள் சாந்தாமணி. பத்தொன்பது வருடம் அந்த இடத்தை விடவில்லை. எங்கள் பேச்சு, சண்டை, பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடுவது என்ற யோசனை எல்லாம் அந்தக் குழாய் வழியாகத்தான் போய் வந்தது. லோகப்பிரியா வயிற்றில் இருந்தபோது ஒன்பதாம் மாதம் வரை இழுத்தாள். வாயும் சும்மா இருக்காது. மோட்டார் எரிந்துவிட்டதென்று தோட்டத்துக்காரர் யாராவது கத்திக்கொண்டு வந்தால், தலையைத் தூக்காமலே, "தண்ணியில்லாத போருல ரெண்டு நாளு ஓட்டிப்போட்டு, கம்பி செரியில்லீன்னு எங்ககிட்ட வாரீங்களே, இது நாயமுங்களா?" என்பாள். வந்தவர் சிரித்துவிடுவார்.

வைத்தியம் முடிந்து நாலாவது மாதம், "வாரேன், நானும் சும்மாத்தான இருக்கறேன்" என்று கடைக்கு வந்தாள். எனக்குப் பெரிய சந்தோஷம். டாக்டர் சொன்ன பழையபடி வந்துவிட்டது என்று நினைத்தேன். இருபத்து நாலு துளையில் ஏழு துளை போனது. எட்டாவதில் கம்பி நின்றது.

"என்னாச்சு? இழு."

"இழுக்கறனுங்க."

இழுக்கவில்லை. எட்டிப் பார்த்தால் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"கை வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லீங்க."

"பின்ன என்ன?"

"தெரியலீங்க. கைக்குச் சொல்றேன், அது கேக்க மாட்டீங்குது."

உக்கடத்திலிருந்து எங்கள் கடைக்கு வேலைக்கு வருகிற அப்துல் நாசர் எழுந்து வந்து, "அண்ணி, நீங்க காத்தாட உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று அவள் இடத்தில் உட்கார்ந்தார். இன்றைக்கும் அவர்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நான் செய்யாதது ஒன்றுமில்லை. ஆட்டு ஈரல், ஆட்டுக்கால் சூப்பு, மாதுளம்பழம், முருங்கைக்கீரை, பேர் வாயில் நுழையாத டானிக்குகள். ரத்தம் பார்த்தோம், சரி. தைராய்டு பார்த்தோம், சரி. ஸ்கேன் சரி. தாளில் எல்லாம் நன்றாக இருந்தது, ஆள் மட்டும் நன்றாக இல்லை. ஒன்பது மணிநேரம் தூங்கி எழுந்து, படுத்தபோது இருந்ததைவிட அசந்துபோய் உட்கார்ந்திருப்பாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் அன்றைக்குச் சமையல் இல்லை. தலை வாரும்போது பாதியில் சீப்பை வைத்துவிட்டு, பிறகு மீதியை வாருவாள். குழம்புக்கு உப்புப் போட்டோமா என்பது மறந்துபோய் இரண்டு தடவை போட்டுவிட்டு, மூன்றாம் தடவை போடலாமா என்று என்னைக் கேட்பாள்.

பார்க்கிறவர்களுக்கு இது எதுவும் தெரியாது. முடி வளர்ந்துவிட்டது, கன்னம் கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறது. "முன்னைக்கு இப்ப நல்லா இருக்கறீங்களே அம்மணி" என்பார்கள். என் அக்கா முத்தாத்தாள் மட்டும் அதைக்கூடச் சொல்ல மாட்டாள். "எல்லாருக்குந்தான் அசதி. நாங்கெல்லாம் படுத்துட்டா இருக்கறோம்? நாலு எட்டு வேகமா நடந்தாச் செரியாப் போயிரும்" என்பாள். அவளுக்கு எழுபது வயது, இன்றும் மாட்டுக்குத் தானே தீவனம் அறுக்கிறாள். அவளிடம் என்னத்தைச் சொல்வது?

அக்காவை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம், நானும் சொன்னேன். ஒருநாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தால் அடுப்பே பற்ற வைக்கவில்லை. காய் பாதி அரிந்தபடி கிடக்கிறது. இவள் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"கரண்டு வச்சு முடிச்சு ரெண்டு வருசமாச்சு. இன்னும் எத்தன நாளைக்கு இதையே சாக்குச் சொல்லுவ?" என்றேன்.

அவள் அழவில்லை. "மோட்டாரு ஓடுதுங்க, சத்தமெல்லாம் வருது, தண்ணிதான் ஏற மாட்டீங்குது. நீங்க தெனம் இந்த வேலை செய்யறவரு. போருல தண்ணியில்லாததுக்கு மோட்டாரத் திட்டுவீங்களா?" என்றாள்.

நான் பழைய சோற்றைப் பிசைந்து தின்றுவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். மன்னிப்பெல்லாம் எனக்குக் கேட்க வராது.

நாலாவது வருடப் பரிசோதனைக்குப் போனபோது புதிதாக ஒரு டாக்டரம்மா இருந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவளைப் பார்த்து, "குளிச்சுட்டு வந்தா உட்கார்ந்துதான் சேலை கட்டறீங்களா?" என்று கேட்டார். சாந்தாமணி அங்கேயே உடைந்து அழ ஆரம்பித்துவிட்டாள். ஆறு மாதம் கீமோவில் அழாதவள்.

இது மனசில் இல்லை, சோம்பேறித்தனம் இல்லை, நோய் திரும்பி வந்ததும் இல்லை என்று அந்தம்மா விளக்கிச் சொன்னார். இந்த வைத்தியம் எடுத்த பெண்களில் நிறையப் பேருக்கு இப்படி வருமாம், சிலருக்கு வருடக்கணக்கில் நிற்குமாம். தினமும் கொஞ்சம் மெதுவாக நடக்கச் சொன்னார். எல்லா வேலையையும் ஒரே மூச்சில் செய்யாமல், முக்கியமானதற்குத் தெம்பை மிச்சம் பிடித்து வைக்கச் சொன்னார்.

"ஏனுங்க, இதை அன்னைக்கே சொல்லியிருந்தா என்னங்க?" என்று சத்தமாகவே கேட்டேன்.

"சொல்லியிருக்கணும்" என்றார் அவர்.

அதோடு முடிந்தது. ஒத்துக்கொண்ட மனுஷியிடம் என்ன சண்டை போட முடியும்?

அன்றிலிருந்து வீடு கொஞ்சம் மாறியது. காலையில் அரை மணிநேரம் தெருமுனை வரை நடப்பாள். நான் காய் அரிவேன். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். பழையபடி ஆகவில்லை, ஆனால் அவளுக்கு அவள் உடம்பின் கணக்கு பிடிபட்டது. அப்படி ஒன்றரை வருடம் ஓடிய பிறகு மகளுக்கு வரன் வந்தது.

லோகப்பிரியாவுக்கு இருபத்தைந்து வயது. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பையன் மனோஜ்குமார், மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம் செய்கிற குடும்பம். ஜாதகம் பொருந்தியது, இரண்டு பேருக்கும் பிடித்தது. தரகர் சென்னகேசவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மாவோட வைத்தியத்தைப் பத்தி மூச்சு உடாதீங்க. பொண்ணுக்கும் வருமான்னு கேப்பாங்க, அப்புறம் வரன் நிக்காது" என்றார். அக்காவும் அதையே சொன்னாள். நானும் தலையாட்டினேன். சாந்தாமணிக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் மகளின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவள் நடத்திய நாடகத்தை நான்தான் அறிவேன். முந்தின இரண்டு நாள் படுத்தே கிடந்தாள். அன்று ஒன்றரை மணிநேரம் நின்றாள், சிரித்தாள், பலகாரம் பரிமாறினாள். பையனின் அம்மா மயிலாத்தாள், "சம்பந்திக்கு என்ன சுறுசுறுப்புங்க!" என்று மெச்சினார். அவர்கள் கார் தெருவைத் தாண்டியதும் படுத்தவள், நாலு நாள் எழவில்லை. நிச்சயமும் இப்படித்தான் நடந்தது.

நிச்சயம் ஆனதும் உறவாகிவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோயமுத்தூர் போகிற வழியில்தான் எங்கள் வீடு. புடவை எடுக்கப் போனால் ஒரு எட்டு, ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால் ஒரு எட்டு. சொல்லாமல் வருவதுதான் பாசம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு ஐந்து பேர் வந்து இறங்கிவிட்டார்கள். வீட்டில் சாந்தாமணி மட்டும். தலைக்கு ஊற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்திருக்கிறாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. வீட்டுக்கு எத்தனை பேர் வந்தாலும், எழுந்து நின்று, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத் தனித்தனியாக "வாங்க" என்று கேட்க வேண்டும். ஒரு ஆளை விட்டுவிட்டால், "அந்த ஊட்டுல என்னைய வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல" என்று முப்பது வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். இவள் எழவில்லை. ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு "வாங்க"தான் வந்திருக்கிறது. காப்பியும் இல்லை. கால் மணிநேரம் இருந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் தரகர் போன் செய்தார். "என்னங்க நஞ்சுண்டன், அம்மணி உக்காந்த எடத்துல இருந்து அசையவே இல்லையாமே? மோட்டார்க் கடைக்கே இத்தன மண்டைக்கனமான்னு கேக்கறாங்க. கல்யாணத்த ஒருக்கா யோசிக்கோணுமுங்கறாங்க."

மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வாயில் வந்ததைச் சொன்னேன். "முட்டி வலிங்க. ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. எந்திரிக்க முடியறதில்லீங்க."

சொன்னதும் எனக்கே என் புத்தியை நினைத்துப் பெருமையாக இருந்தது. முட்டி வலிக்காக எவனும் வரனை விடமாட்டான்.

"என்ற முட்டிக்கு என்னங்க வந்துச்சு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பேசாம இரு" என்றேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மயிலாத்தாள் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார். கையில் ஒரு பாட்டில் நீலகிரித் தைலம். நான், சாந்தாமணி, லோகப்பிரியா மூன்று பேரும் வீட்டில் இருந்தோம்.

"ஏனுங் சம்பந்தி, முட்டி வலின்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா? நானும் மனசுல எதையெதையோ நெனச்சுப்போட்டேன்" என்று கண்கலங்கச் சொல்லிக்கொண்டே, சாந்தாமணியின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். "காலை நீட்டுங்க."

"ஐயோ, வேண்டாமுங்க. எந்திரிங்க."

"அட நீட்டுங்கம்மணி. என்ற மாமியாளுக்குப் பதினோரு வருசம் நீவி உட்டவ நானு. எந்த முட்டி அதிகமா வலிக்குது?"

சாந்தாமணி என்னைப் பார்த்தாள். "வலது" என்றேன் நான். அதே நேரத்தில் என் மகள் "இடது" என்றாள்.

"ரெண்டும்னு சொன்னாங்களே" என்றார் மயிலாத்தாள். உள்ளங்கையில் தைலத்தை ஊற்றி நீவ ஆரம்பித்தார். அறுபதை நெருங்குகிற அம்மா. மூச்சு வாங்க வாங்க, ஒன்றுமில்லாத முட்டியை அழுத்தி அழுத்தி நீவுகிறார். "இங்க வலிக்குதுங்களா? இங்க?" என்று கேட்கிறார். வீடெல்லாம் தைல நாற்றம். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

சாந்தாமணி குனிந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உடுங்க. எனக்கு முட்டியில ஒன்னுமில்லீங்க."

"சாந்தாமணி!" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "எனக்கு மார்ல கேன்சர் வந்துச்சுங்க. ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. ஆறு வருசமாச்சு. நோவு போயிருச்சு, அசதி போக மாட்டீங்குது. அன்னைக்கு உங்க அஞ்சு பேரையும் எந்திரிச்சுத் தனித்தனியா வாங்கன்னு கேக்க எனக்குத் தெம்பு இல்லீங்க. ஒரு வாங்கதான் வந்துச்சு. அதை அஞ்சு பேரும் பிரிச்சு எடுத்துக்குவீங்கன்னு நெனச்சேன்."

மயிலாத்தாளின் கை தைலத்தோடு அந்தரத்தில் நின்றது. "பொண்ணுக்கு?" என்றார்.

"அவளுக்கு ஒன்னுமில்லீங்க. டாக்டரம்மாகிட்டக் கூட்டீட்டுப் போயிக் கேட்டோமுங்க. வயசுக்குத் தக்கன அப்பப்பப் பாத்துக்கிட்டாப் போதும்னாங்க."

மயிலாத்தாள் தரையில் கை ஊன்றி எழுந்தார். "நான் ஊட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றனுங்க" என்றார். பஸ் ஏற்றிவிட நான் கூடவே போனேன்.

மத்தியானம் விஷயம் கேள்விப்பட்டு அக்கா வந்தாள். "கெடுத்துப்போட்டியே அம்மணி! கல்யாணம் முடியற வரைக்கும் முட்டி வலிச்சா நீ என்ன கொறஞ்சா போயிருவ?"

"அப்புறம் அண்ணி? பேரன் பொறந்தா? அவங்க வாரப்பல்லாம் நான் நொண்டீட்டே இருக்கோணுமா? இருக்கற தெம்புக்கு என்னால உண்மையா உக்காரத்தான் முடியும். நொண்டறதுக்கெல்லாம் தெம்பில்ல."

அக்கா முந்தானையை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அது நான் பார்த்திராத ஒன்று.

எட்டு நாள் போனில் ஒரு தகவலும் இல்லை. லோகப்பிரியா வேலைக்குப் போவாள், வருவாள், தட்டில் சோற்றை அளைந்துவிட்டு எழுந்து போவாள். "மனோஜ் பேசறாருப்பா. அவங்கம்மா வாயே தெறக்கலியாம்" என்று ஒருநாள் சொன்னாள். நான் கடையில் அப்துல் நாசரைத் திட்டினேன், கம்பிக்காரனைத் திட்டினேன், தரகரைப் போனில் திட்டினேன். வீட்டில் திட்ட ஆள் இல்லை. சாந்தாமணி படுத்துவிட்டாள். அந்த ஒரு பேச்சுக்குச் செலவான தெம்பு திரும்பி வர ஒரு வாரம் ஆனது.

நேற்றுக் காலை போன் வந்தது. மயிலாத்தாளேதான். சாந்தாமணி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சம்பந்தி, நோவு வாரது ஆரு கையிலயும் இல்லீங்க. பையன் இந்தப் பொண்ணுதான்னு நிக்கறான், எங்கூட்டுல எல்லாருக்கும் சம்மதம். தை மாசம் வச்ச தேதியிலயே வச்சுக்கலாமுங்க."

லோகப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆனா ஒன்னுங்க. கேன்சர மறைச்சீங்க, அது பொண்ணு பெத்தவங்க பயம், எனக்குப் புரியுது. என்னையத் தரையில உக்கார வச்சு இல்லாத நோவுக்கு நீவ உட்டீங்க பாருங்க, அது மட்டும் எனக்கு ஆறவே மாட்டீங்குது. எட்டு நாளா அந்தத் தைலம் கையில நாறுற மாதிரியே இருக்குது."

போனை வைத்த பிறகு நான்தான் முதலில் பேசினேன். "அதான் சம்மதம்னு சொல்லீட்டாங்கல்ல. முடிஞ்சுது. கல்யாணத்தன்னைக்கு நல்ல பட்டுச்சேலையா ஒன்னு வச்சுக் குடுத்தா ஆறிரும்."

சாந்தாமணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். அதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

"சேலை வேண்டாமுங்க. நாளைக்கு மொத பஸ்ஸுல நீங்க மேட்டுப்பாளையம் போறீங்க."

"நானா? எனக்கு அதெல்லாம் பேச வராது. உனக்கே தெரியும். நீ போன்ல சொல்லு."

"நான் ஏன் சொல்லோணும்? பொய் சொன்னது நானா?"

"உன்ற நல்லதுக்குத்தான சொன்னேன்."

"என்ற நல்லதுக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும். தரகர் மேல போடாதீங்க. அண்ணி மேல போடாதீங்க. அந்தம்மா எதுத்தால உக்காந்து, 'முட்டி வலின்னு சொன்னது நானுங்க, என்ற பொஞ்சாதி இல்லீங்க, தப்பாப் போச்சுங்க'ன்னு மொகத்தப் பாத்துச் சொல்லிப்போட்டு வாங்க."